காயமுற்ற வனவுயிர்களைப் பேணும் பயிற்சி

ஆடு மாடுகள் நோயுற்றால் எங்கே செல்ல வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பதைக் கிராமத்தில் சிறு பிள்ளையும் அறியும். ஆனால், வேலிக் கம்பியில் சிக்கிய மயிலையோ, கிணற்றில் தவறி விழுந்த புள்ளிமானையோ, காக்கைகளால் கொத்தப்பட்டு வாய்க்காலோரம் கிடக்கும் ஆந்தையையோ கண்டால், ஊரார் செய்வதறியாது கூடி நின்று வேடிக்கை பார்க்கின்றனர். அல்லது இரக்க மிகுதியினால் செய்யத் தகாதவற்றைச் செய்துவிடுகின்றனர். காயமுற்ற மயிலைச் சாக்குப்பையில் கட்டி, மிதிவண்டியின் பின்புறம் வைத்து, உச்சிவெயிலில் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கே கொண்டுவந்து சேர்ப்போரும் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தில் குறை காண்பதற்கில்லை. முறையறிந்து செய்யாத உதவி பல வேளைகளில் அவ்வுயிருக்கு யமனாக முடிகிறது என்பதையும், சில வேளைகளில் உதவி செய்தவருக்கே ஆபத்தாக முடிகிறது என்பதையும் எடுத்துரைத்து, இத்துறையில் பயிற்சி என்று ஒன்று உண்டு, அது ஊராட்சிகளுக்கு மிகவும் வேண்டுவது என விளக்குவதே நமது நோக்கம்.

முதலில் சட்டத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 2022-இல் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் திருத்தங்களுடன் நடைமுறையில் இருந்து வருகிறது. இச்சட்டத்தில் 'வேட்டை' எனும் சொல் கொல்லுவதை மட்டும் குறிப்பதன்று. பிடிப்பதும் அதனுள் அடங்கும். நமது தேசியப் பறவையான மயில் முதல் அட்டவணையைச் சேர்ந்தது. அவ்வட்டவணையிலுள்ள உயிர்களைப் பொறுத்த வேட்டைக் குற்றத்துக்கு மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமுண்டு. கூண்டில் வளர்க்கும் பச்சைக்கிளிக்கும் இச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வனவிலங்கு எதுவும் ஒருவர் கைக்கு வந்து சேருமானால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவித்துவிட வேண்டும். ஆகவே, "அநாதையாகக் கிடந்தது, எடுத்து வளர்க்கிறேன்" என்பது சட்டத்தின் முன் செல்லுபடியாகும் விடையன்று.

இதற்கு உத்தரப் பிரதேசத்தில் அண்மையில் நிகழ்ந்ததொரு செய்தி நல்ல சான்றாகும். வயலில் காலொடிந்து கிடந்த சாரசக் கொக்கு ஒன்றை 2022-இல் ஒரு விவசாயி எடுத்து, கட்டுப்போட்டுக் குணப்படுத்தினார். குணமான பறவை அவரை விட்டுப் போகவில்லை. அவர் செல்லும் வண்டிக்குப் பின்னே பறந்தது; அவர் உண்ணும் தட்டிலேயே உண்டது. நாடெங்கும் இதைக் கண்டு மகிழ்ந்தனர். 2023 மார்ச்சில் வனத்துறையினர் அப்பறவையைப் பறவைச் சரணாலயத்துக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து அது ஊருக்குள் புகுந்துவிடவே, முடிவில் கான்பூர் விலங்குக் காட்சிச் சாலைக்குச் சென்றது. விவசாயி மீது வழக்குப் பதிவாயிற்று. மனிதர் நல்லவர், சட்டமும் காரணத்தோடு எழுந்ததே. ஆயினும் கால் குணமாகியும் பறவை காட்டுக்குத் திரும்பவில்லை. மனிதனைக் கண்டால் விலகியோடும் இயல்பை இழந்துவிட்ட காட்டுயிர், குணமடைந்ததாகக் கருதப்படுவதில்லை என்பதே இத்துறையின் முதற்பாடம்.

மான்குட்டியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வனத்தையொட்டிய ஊர்களில் அடிக்கடி நேரும் பிழை இதுவே. புள்ளிமான் குட்டி ஈன்றதும் அதைப் புதரிலோ உயர்ந்த புல்லிலோ படுக்க வைத்துவிட்டு மேயச் செல்கிறது. குட்டி அசையாமல், ஓசையின்றிக் கிடக்கும். பகைவிலங்குகள் கண்ணில் படாதிருக்க இயற்கை தந்த உபாயம் அது. விறகு பொறுக்கச் சென்றவர் அதைக் காண்கிறார், தாயைக் காணவில்லை, குட்டி ஓடவுமில்லை. ஐயோ பாவம் என்று தூக்கி வந்துவிடுகிறார். மாலையில் தாய் திரும்பிவந்து தேடிக்கொண்டிருக்க, வீட்டில் குட்டிக்குப் பசும்பால் புகட்டுகிறார்கள். மானின் பாலுக்கும் பசுவின் பாலுக்கும் கொழுப்பிலும் புரதத்திலும் வேறுபாடு மிகுதி. குட்டிக்கு வயிற்றுப்போக்கு காண்கிறது. மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் கெடுகிறது. இரண்டு மூன்று நாட்களில் இறந்துபோகிறது. "தாயில்லாக் குட்டி, பிழைக்கவில்லை" என்று வீட்டார் வருந்துவர். உண்மையில் அதற்குத் தாய் இருந்தது! கண்டவர் செய்திருக்க வேண்டியது, குட்டியைத் தொடாமல், நாய்களை விரட்டிவிட்டு, அவ்விடத்தை விட்டு அகன்று, வனக் காவலருக்குச் செய்தி சொல்வதொன்றே. முயற்குட்டிக்கும் இது பொருந்தும். கூட்டிலிருந்து இறங்கித் தத்தித் தத்தித் திரியும் பறவைக் குஞ்சுக்கும் இது பொருந்தும். தாய்ப்பறவை அருகிலேயே இருந்து இரையூட்டிக்கொண்டிருக்கும். மனிதன் தொட்டுவிட்டால் தாய் சேர்க்காது என்று நம் ஊர்களில் சொல்வது பறவைகளைப் பொறுத்த வரையில் பெரும்பாலும் உண்மையன்று; சிறகு முளைக்காத குஞ்சு தரையில் விழுந்து கிடந்தால், அதனை மீண்டும் கூட்டில் வைத்துவிடலாம்.

வளர்ந்த மானைப் பிடிப்பதில் வேறோர் ஆபத்து உண்டு. துரத்தித் துரத்திப் பிடித்த மான், உடம்பில் ஒரு கீறலுமின்றி இருக்கும். விடுவித்த பிறகு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறந்துவிடும். அளவு கடந்த அச்சத்தாலும் ஓட்டத்தாலும் அதன் தசைகள் சிதைந்து, அந்த நஞ்சு சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்குவதே காரணம். கிணற்றில் மான் விழுந்தால் இளைஞர்கள் ஆரவாரத்துடன் குதிப்பதும், சுற்றி நின்று கூச்சலிடுவதும் அதைக் கொல்லும் வழிகளே. தண்ணீர் ஆழமாக இருந்தால், கயிற்றுக் கட்டிலையோ பலகையையோ இறக்கி அதற்கு ஊன்றுகோடு கொடுத்து, கூட்டத்தை விலக்கி, தீயணைப்பு நிலையத்துக்கும் வனத்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். மேலே கொண்டுவந்ததும் கண்களைத் துணியால் மூடினால் அதன் நடுக்கம் பெருமளவு அடங்கும்.

காயமுற்ற பறவைக்கோ சிறு விலங்குக்கோ ஊரில் செய்யத் தக்க முதலுதவி மிகச் சிறிது: காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி, இளஞ்சூடு. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றலாகாது, உணவு திணிக்கலாகாது, மஞ்சளும் எண்ணெயும் பூசலாகாது. எண்ணெய் பட்ட இறகு குளிரையும் மழையையும் தாங்காது. ஆர்வமுள்ள நம் இளைஞர்களுக்கு, ஒன்றும் செய்யாமல் பெட்டியை மூடி வைப்பதுதான் யாவற்றினும் கடினமாக இருக்கும்.

இவை யாவும் கேள்வி ஞானத்தால் வருவன அல்ல, கற்பிக்கப்பட வேண்டியவை. அமெரிக்காவில், வனவுயிர்களைப் பேணுவோர் மாநில அரசின் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். வலசை வரும் பறவைகளாயின் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். அங்குள்ள பன்னாட்டு வனவிலங்கு மறுவாழ்வு மன்றம் போன்ற அமைப்புகள் நடத்தும் அடிப்படைப் பயிற்சியில், விலங்கைக் கையாளும் முறை, அதிர்ச்சியின் அறிகுறிகள், உடலில் நீர் குறைந்ததைக் கணக்கிடுதல், ஒவ்வோர் இனத்துக்கும் உரிய உணவு, அடைப்பிடத்தின் அமைப்பு, விலங்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள், விடுவிக்கத் தகுதியானதா எனத் தேறும் விதம் ஆகியன பாடங்களாகும். பிழைக்க வழியில்லாத உயிரை நோவின்றி முடித்துவைப்பது எப்போது என்பதும் அங்கே பாடமே. கேட்கக் கொடிதாயினும், அம்முடிவைக் கால்நடை மருத்துவரே எடுக்க வேண்டும் என்பதைப் பயிற்சி பெறுவோர் அறிந்திருக்க வேண்டும்.

நமது நாட்டில் அஸ்ஸாம் மாநிலக் காசிரங்காவுக்கு அருகே, 2002-இல் அம்மாநில வனத்துறையும் இரு தொண்டு நிறுவனங்களும் கூடி வனவிலங்கு மறுவாழ்வு மையமொன்றை நிறுவின. பிரம்மபுத்திரா பெருகும்போதெல்லாம் வெள்ளத்தில் தாயைப் பிரியும் காண்டாமிருகக் கன்றுகளும் யானைக் கன்றுகளும் அங்கே வளர்க்கப்பெற்றுக் காட்டுக்குத் திரும்புகின்றன. காண்டாமிருகமே அற்றுப்போயிருந்த மானஸ் வனத்துக்கு, இம்மையத்தில் வளர்ந்த கன்று 2006-இல் கொண்டு செல்லப்பெற்றது. தமிழ்நாட்டில் வண்டலூரில் இயங்கும் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனமும், சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வன உயிரின அறிவியல் துறையும் இவ்வறிவுக்கு உறைவிடங்களாம்.

ஆயினும் ஊராட்சிகள் கண்டு பின்பற்றத் தக்க உதாரணம் நமது அண்டை மாநிலமான கேரளத்தில் இருக்கிறது. அங்கே வனத்துறை 2020-ஆம் ஆண்டு முதல், பாம்பு பிடிக்கும் தன்னார்வத் தொண்டர்களுக்குப் பயிற்சியளித்து, தேறியவருக்கே சான்றிதழ் வழங்கி வருகிறது. கொக்கியும் பையும் கொண்டு பாம்பைத் தொடாமலே பிடிப்பது கற்பிக்கப்படுகிறது. கூட்டத்தின் முன் பாம்பை ஏந்திக் காட்டுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. 'சர்ப்பா' எனும் கைப்பேசிச் செயலி மூலம், வீட்டில் பாம்பைக் கண்டவர் அருகிலுள்ள தொண்டரை அழைக்கலாம். ஆயிரக்கணக்கான பாம்புகளைப் பிடித்துப் பெயர் பெற்ற வாவா சுரேஷ் என்பவரே 2022 ஜனவரியில் நாகம் தீண்டி உயிருக்குப் போராடிப் பிழைத்தார். அனுபவம் மட்டும் போதாது, முறையும் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்விஷயத்தில் நமக்குச் சொந்தமான செல்வம் ஒன்று உண்டு. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைச் சேகரித்து, விஷமுறிவு மருந்து செய்வோருக்கு வழங்கி வருகிறது. பிடித்த பாம்பை ஏறத்தாழ ஒரு மாத காலம் வைத்திருந்து, சில முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர். 2023-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர். முதுமலைத் தெப்பக்காட்டு முகாமில் தாயிழந்த யானைக் கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரை, அவர்களைப் பற்றிய படம் 2023-இல் ஆஸ்கார் பரிசு பெற்றபின் உலகம் அறியும். பயிற்சி வகுப்பில் இத்தகையோர் மாணவராக அன்றி ஆசிரியராக அமர வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து. அதே வேளையில், முகாமில் வளர்ந்த கன்று முகாம் யானையாகவே வாழும் என்பதையும் மறத்தலாகாது. அதனாலேயே தாயுடன் சேர்த்து வைப்பதையே வனத்துறை முதலில் முயலுகிறது. 2023 டிசம்பர் இறுதியில் ஆனைமலைப் பகுதியில் கூட்டத்தைப் பிரிந்த குட்டியை ஊழியர்கள் தேடிச் சென்று தாயிடம் சேர்த்தனர். தாயின் அணைப்பில் அது உறங்கும் படத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

பயிற்சியின்றிக் கையிடுவோருக்கு நேரும் கேட்டையும் கூறிவிடுகிறோம். நரி, கீரி, குரங்கு ஆகியவற்றின் கடி வெறிநோயைத் தரக்கூடும். கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இப்பணியில் அடிக்கடி ஈடுபடுவோர் மருத்துவரைக் கேட்டு முன்னதாகவே தடுப்பூசி போட்டுக்கொள்வது நலம். பழந்தின்னி வௌவாலை வெறுங்கையால் தொடலாகாது; 2018-இல் கேரளத்தில் பல உயிர்களைக் கொண்ட நிபா நோய்க்கு அதுவே இருப்பிடம். பாம்பு தீண்டினால் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108 வண்டியை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 நவம்பர் முதல், மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக இருக்கிறது.

"நிலக்கடலையையும் நெல்லையும் மயில் தின்கிறது, அதற்கு மருத்துவம் வேறா?" என்று விவசாயிகள் வினவுவர். நியாயமான கேள்வி. பயிர்ச் சேதம் மெய். அதற்கான பரிகாரம் தனியே கோரப்பட வேண்டியது. ஆயினும், விஷம் கலந்த தானியம் வைத்தால் சாவது மயில் மட்டுமன்று. செத்ததைத் தின்னும் நாயும், வரப்போரம் எலி பிடிக்கும் கூகையும் சாகின்றன. கூகையை இழந்த வயலில் எலி பெருகும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டினால் மானும் விழாது, நமது கன்றும் விழாது, குழந்தையும் விழாது.

இனி, ஊராட்சிகள் செய்யத்தக்கது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருத்தல் வேண்டும். பல இடங்களில் அது காகிதத்தில் உறங்குகிறது. அக்குழுவைக் கொண்டே, ஊருக்கு நான்கைந்து பேரைத் தெரிந்தெடுக்கலாம். துணிச்சல்காரரைத் தேடாதீர்கள், பாம்பைக் கையில் பிடித்துப் படமெடுத்துக்கொள்ள விரும்புவோர் இதற்கு உதவார். பதற்றமற்றவராய், சொன்னதைச் சொன்னபடி செய்பவராய், கூட்டத்தைப் பணிவுடன் விலக்கத் தெரிந்தவராய் இருத்தல் போதும். பெண்கள் இதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். கிராம சபைத் தீர்மானத்துடன் மாவட்ட வன அலுவலருக்கு எழுதினால், வனச்சரக அலுவலர், கால்நடை உதவி மருத்துவர், தீயணைப்பு நிலைய அலுவலர் ஆகியோரைக் கொண்டு வட்டார அளவில் வகுப்பு நடத்த ஏற்பாடு கோரலாம். பயிற்சி பெற்றவரும் வனத்துறையின் அனுமதியின்றி எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாகாது. அவர் கடமை, சரியாகப் பார்த்து, சரியாகத் தெரிவித்து, வாகனம் வரும் வரை காத்து நிற்பதாகும். எந்த நாள், எந்த இடம், என்ன உயிர், எவ்வாறு கிடந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். குணமான உயிரை அதே இடத்தில் விடுவிப்பதற்கு அக்குறிப்பே வழிகாட்டும். முன்பின் அறியாத காட்டில் விடப்பட்ட பாம்பு இரையும் வளையும் தேடி அலைந்து மடியும்.

ஊராட்சி அலுவலகத்தில் இதற்கென ஒரு பெட்டி இருக்கட்டும். கனத்த போர்வை ஒன்று, தோல் கையுறை இரண்டு ஜோடி, துளையிட்ட அட்டைப்பெட்டிகள் சில, கைவிளக்கு ஒன்று, பருத்தித் துணி, நீண்ட கயிறு. பெட்டி மூடியின் உட்புறத்தில் வனச்சரக அலுவலகம், தீயணைப்பு நிலையம், கால்நடை மருந்தகம் ஆகியவற்றின் தொலைபேசி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, அலுவலர் மாறுந்தோறும் எண்ணைச் சரிபார்க்கும் பொறுப்பை ஊராட்சிச் செயலரிடம் ஒப்படைக்கலாம். வரும் கிராம சபைக் கூட்டத்தின் பொருட்பட்டியலில் இதைச் சேர்க்க விரும்பும் ஊராட்சித் தலைவர்கள், தீர்மான நகலை நமது அலுவலகத்துக்கும் ஒன்று அனுப்பி வைப்பார்களாயின், பல ஊர்களின் பெயர்களைச் சேர்த்து ஒரே வகுப்பாகக் கேட்பது எளிதாக இருக்கும்.