கல்லூரி மாணவரிடையே புகைப்பழக்கமும் விளையாட்டும்

விளையாட்டில் தொடர்ந்து ஈடுபடும் பல்கலைக்கழக மாணவரிடம் சிகரெட் பழக்கம் ஒப்பளவில் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆயினும், விளையாடுவோரைப் புகையிலை அண்டாது என்று இதிலிருந்து முடிவு செய்வது பொருந்தாது. புகை விளையாட்டைப் பாதிப்பது போலவே விளையாட்டும் புகைப்பழக்கத்தைப் பாதிக்கிறது, சூழல் இவ்விரண்டையும் பாதிக்கிறது.

புகை உடல்திறனைக் குறைக்கும் விதம்

சிகரெட், பீடிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்துடன், ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டத்தோடு இணைவதால், ஓடும்போது தசைகளுக்குச் சேர வேண்டிய ஆக்சிஜன் குறைந்துபோகிறது. நிக்கோட்டின் இதயத் துடிப்பை விரைவாக்கி இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; புகையின் பிற நச்சுகள் மூச்சுக்குழாய்களை அழற்சியுறச் செய்து சளியைப் பெருக்குகின்றன. இதனால், கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு குறைந்து, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் தளர்கிறது. இளம் வயதிலேயே இவ்விளைவு புலப்படும் என்பதை அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 1994ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது.

காரணமும் விளைவும்

ஒரே காலத்தில் ஒருமுறை மட்டும் தகவல் திரட்டும் ஆய்வு குறுக்குவெட்டு ஆய்வு எனப்படும். மாணவரைப் பற்றிய ஆய்வுகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை என்பதால், மூச்சு வாங்குவதால் மாணவர் மைதானத்தை விட்டு விலகினாரா, மைதானத்தை விட்டு விலகியபின் புகைக்கத் தொடங்கினாரா என்பதை அவற்றால் உறுதிப்படுத்த இயலாது. வீட்டைப் பிரிந்த விடுதி வாழ்க்கை, தேர்வு நெருக்கடி, நண்பர் வட்டம் ஆகியவை ஒருபுறம் விளையாட்டு நேரத்தைக் குறைத்து, மறுபுறம் முதல் சிகரெட்டுக்கு வாய்ப்பளிக்கவும் கூடும்.

வீரர்களும் விதிவிலக்கல்லர்

அமெரிக்காவின் 140 கல்லூரிகளில் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஆய்வில், விளையாட்டு வீரர்களான மாணவர் பிறரைவிடக் குறைவாகச் சிகரெட் பிடித்தனர். ஆனால், வாயில் அடக்கியோ மென்றோ பயன்படுத்தும் புகையற்ற புகையிலையை அவர்களே கூடுதலாகப் பயன்படுத்தினர். நுரையீரலைக் காத்துக்கொள்வதாக எண்ணி இதை நாடுவோருக்கும் நிக்கோட்டின் அடிமைத்தனம் நீங்குவதில்லை. வாய்ப்புற்றுநோய் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிக்கோட்டினைத் தடைசெய்யாவிடினும், 2012 முதல் தன் கண்காணிப்புப் பட்டியலில் வைத்துள்ளது.

பழக்கத்தை விடுவதில் உடற்பயிற்சி

சில நிமிட விரைவு நடைகூடப் புகைக்கும் வேட்கையைச் சற்று நேரம் தணிக்கும். எனினும் உடற்பயிற்சி மட்டுமே ஒருவரை நிரந்தரமாகப் புகையிலிருந்து மீட்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லாமையால், மனநல ஆலோசனை, மருத்துவர் பரிந்துரைக்கும் நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை போன்றவற்றுக்குத் துணையாகவே அதைக் கொள்ள வேண்டும். புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தின் கார்பன் மோனாக்சைடு அளவு ஓரிரு நாளில் இயல்புக்குத் திரும்புகிறது. அடுத்த சில வாரங்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் இரத்த ஓட்டமும் நுரையீரல் செயல்பாடும் மேம்படத் தொடங்குகின்றன.

கல்லூரிகளின் கடமை

இந்தியாவில் 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதைத் தடைசெய்கிறது. மின்சிகரெட் விற்பனைக்கு 2019இல் தடை வந்தது. இச்சட்டங்களைக் கறாராகப் பின்பற்றுவதோடு, கல்லூரி அணிக்குத் தேர்வாகாத மாணவரும் மாலைதோறும் விளையாடுவதற்கு மைதானத்தையும் நேரத்தையும் ஒதுக்குவது அவசியம். பயிற்சியாளர்களும் சிகரெட்டோடு நின்றுவிடாமல், மெல்லும் புகையிலையைப் பற்றியும் மாணவரிடம் வெளிப்படையாகக் கேட்டறிய வேண்டும். பழக்கத்தை விட விரும்பும் மாணவர் 1800112356 என்ற தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.