ரயிலுக்கு முன்னே வந்த வீடுகள்

“ரயில் வர்ற வரைக்கும்தான் தம்பி. அப்புறம் காரை வித்துடலாம்,” என்றார் அக்கா.

தெங்காவின் பிளாண்டேஷன் வட்டாரத்தில் அக்காவும் மாமாவும் பிடிஓ வீட்டுக்குக் குடிபோய் ஓராண்டாகிறது. காலையில் கைக்குழந்தையுடன் புக்கிட் பாத்தோக் நிலையத்துக்குப் பேருந்து, அங்கிருந்து ரயிலில் அட்மிரல்ட்டி, பாட்டியிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டு உட்லண்ட்ஸில் வேலை. ஒருநாள் கூடவே போய்ப் பார்த்த எனக்கு, கார் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இத்தனைக்கும் நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பவன். வகுப்பில் தெங்கா எங்களுக்கு ஒரு முன்மாதிரி நகரம்.

2016ல் அறிவிக்கப்பட்ட இந்நகரம் ஏறத்தாழ 700 ஹெக்டர் பரப்பளவு கொண்டது. ஒருகாலத்தில் செங்கல் ஆலைகளும் பின்னர் ராணுவப் பயிற்சித் திடலும் இருந்த இடம். இங்குத் திட்டமிடப்பட்டுள்ள 42,000 வீடுகளில் 30,000 வீவக வீடுகள், எஞ்சியவை தனியார் வீடுகள். நகர மையத்தில் சாலைகள் தரைக்குக் கீழே ஓடும். மேலே நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் மட்டுமே இடம்.

*கலந்து வாழ்வதன் பலன்*

பலவகை வீடுகளை நிலையத்தருகே சேர்த்துக் கட்டுவதில் அழகைத் தாண்டிய காரணம் உண்டு. பாட்டி வீட்டருகே உள்ள ‘கம்போங் அட்மிரல்ட்டி’யே இதற்குச் சான்று. ரயில் நிலையத்தை ஒட்டிய அந்த ஒரே கட்டடத்தில் மூத்தோருக்கான 104 வீடுகள், உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு நிலையம் எல்லாம் அடங்கியுள்ளன. காலையில் வேலைக்குப் போவோர், பகலில் மூத்தோர், மாலையில் பிள்ளைகள் என நாள் முழுதும் ஆள் நடமாட்டம் இருப்பதால் கடைகளுக்கும் வியாபாரம் நடக்கிறது. பாட்டி காரில் போகவேண்டிய தேவையே எழுவதில்லை.

*முந்துவது எது?*

ஆனால் வகுப்பில் நாங்கள் அதிகம் பேசாத ஒன்று, வரிசை. பிளாண்டேஷன் வட்டாரத்தில் 2023லேயே மக்கள் குடியேறத் தொடங்கினர். ஜூரோங் வட்டார ரயில் பாதையின் முதல் கட்டம் 2027ல் திறக்கப்பட வேண்டும். அக்கா வீட்டருகே வரும் தெங்கா பிளாண்டேஷன் நிலையமோ 2028ல் வரும் இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது.

இதன் மறுபக்கத்தையும் சிங்கப்பூர் பார்த்திருக்கிறது. 2003ல் வடகிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்டபோது, சுற்றிலும் போதிய வீடுகள் இல்லை என்பதால் புவாங்கோக் நிலையம் மூடியே கிடந்தது. 2005ல் யாரோ அங்கு வெள்ளை யானை அட்டைகளை நட்டு வைத்தது பெரிய செய்தியானது. 2006 ஜனவரியில்தான் நிலையம் திறந்தது. அங்கு நிலையம் மக்களுக்காகக் காத்திருந்தது. இங்கு மக்கள் நிலையத்துக்காகக் காத்திருக்கின்றனர்.

ஆளில்லாத ரயிலை ஓட்ட முடியாது என்பது நியாயமே. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளுக்கும் ஒரு விலை உண்டு. வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுகளுக்குச் செல்லும். இன்று கார் வாங்கினால், வாசலில் ரயில் வந்து நின்ற பிறகும் பல ஆண்டுகள் அது செல்லுபடியாகும். அவ்வளவு பணம் கட்டியவருக்கு, “ஓட்டித் தீர்ப்போம்” என்றுதானே தோன்றும்? புதுவீட்டின் முதல் சில ஆண்டுகளில் படியும் பழக்கம் எளிதில் மாறாது.

ஆகவே, புதிய நகரில் ரயில் நிலையத்துக்கு இணையான முக்கியத்துவம் முதல்நாள் பேருந்துக்கும் உண்டு. சாவி கைக்கு வரும் அன்றே, அடிக்கடி வரும் பேருந்தும் நடந்து போகும் தூரத்தில் கடையும் தயாராக இருக்கவேண்டும். வீடுகளை ஓர் அமைச்சும் ரயிலை இன்னோர் அமைச்சும் கவனிக்கும் நிலையில், இரண்டின் நாட்காட்டியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அவசியம்.

அடுத்து பிடிஓ விண்ணப்பம் செய்யப்போவது நம் தலைமுறை. விலையையும் கட்டி முடிக்கும் ஆண்டையும் பார்க்கும் நாம், நிலையம் திறக்கும் ஆண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

அக்கா இன்னும் கார் வாங்கவில்லை. மாமா மட்டும் மாதம் இருமுறை சிஓஇ ஏல முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.