குவாசூலு-நேட்டாலில் அதிகாரப் பகிர்வு: மாகாணத் தேர்தல்களுக்குப் பின் கூட்டாட்சி மன்றங்கள் உருவான முறை (1994–2024)

1. முன்னுரை

பிளவுண்ட நாடுகளில் தேர்தல் நடைபெறுவது ஒரு கட்டம். தேர்தலுக்குப் பின் ஆட்சிமன்றம் அமைவது மற்றொரு கட்டம். வாக்கு எண்ணிக்கை வெற்றியையும் தோல்வியையும் வரையறுக்கிறது. தோற்றவர் மீண்டும் ஆயுதம் ஏந்தாமல் அவையில் அமர்வாரா என்பதை ஆட்சியமைப்பின் விதிகளே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இவ்விதிகளின் செயற்பாட்டை ஆராய ஏற்ற களங்களுள் ஒன்று தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணம்.

தமிழாய்வுக்கு இக்களம் அயலானதன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'டுரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் தமிழர் இம்மாகாணத்தில் வாழ்ந்து வருகின்றனர். இந்திய வம்சாவளியினர் மாகாண மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர். தனித்து ஆட்சியமைக்கவோ பெரும்பான்மை பெறவோ இயலாத இத்தகைய சமூகத்திற்கு, அதிகாரம் எவ்விதம் பகிரப்படுகிறது என்பது அன்றாட வாழ்வைத் தொடும் வினாவாகும்.

இங்கு இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். நடுவண் அரசின் அதிகாரம் மாகாணத்திற்கும் உள்ளாட்சிக்கும் இறங்குவது அதிகாரப் பரவலாக்கம். ஒரே மன்றத்தின் நிறைவேற்று அதிகாரத்தைப் போட்டியிட்ட கட்சிகள் சேர்ந்து ஏற்பது அதிகாரப் பகிர்வு. முன்னது இருந்தும் பின்னது இல்லாமற்போகலாம். அந்நிலையில் நாட்டளவில் சிறுபான்மையாக இருந்த ஒரு தரப்பு, தன் மாகாணத்தில் பிறரைச் சிறுபான்மையாக்கி விலக்கிவைக்க இயலும்.

2. 1994: மோதலிலிருந்து அவைக்கு

1980களின் நடுப்பகுதி முதல் இன்காத்தா இயக்கத்தினருக்கும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் ஆதரவாளருக்கும் இடையே நிகழ்ந்த மோதல்களில் இம்மாகாணத்தில் பல ஆயிரம் பேர் உயிரிழந்தனர். 1994 மார்ச் 31 அன்று மாகாணத்தில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. தேர்தலைப் புறக்கணித்து வந்த இன்காத்தா விடுதலைக் கட்சி, வாக்குப்பதிவு தொடங்க ஒரு வாரமே இருக்கையில், ஏப்ரல் 19 அன்று போட்டியிட உடன்பட்டது. வாக்குச்சீட்டுகள் முன்னரே அச்சாகிவிட்டமையால் அக்கட்சியின் பெயர் தனி ஒட்டுத்தாளாகச் சீட்டின் அடியில் ஒட்டப்பட்டது.

மாகாணச் சட்டமன்றத்தின் 81 இடங்களில் இன்காத்தா 41, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 26, தேசியக் கட்சி 9, சனநாயகக் கட்சி 2 இடங்களைப் பெற்றன. எஞ்சிய மூன்று இடங்கள் மூன்று சிறு கட்சிகளுக்குச் சென்றன. அவற்றுள் ஒன்று, இந்திய வம்சாவளியினரிடையே ஆதரவு தேடிய சிறுபான்மை முன்னணி.

இன்காத்தாவின் பெரும்பான்மை மிக மெல்லியது. பெரும்பான்மை முறை ஒன்றே விதியாக இருந்திருப்பின், 41 இடங்களைக் கொண்ட கட்சி அமைச்சரவை முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கும். அண்மைவரை அதனோடு மோதிய தரப்பு முற்றிலும் வெளியே நின்றிருக்கும். அதனைத் தடுத்தது 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசமைப்புச் சட்டம்.

3. பகிர்வுக் கணக்கு

அச்சட்டத்தின் 149ஆம் பிரிவு, மாகாணச் சட்டமன்றத்தில் குறைந்தது 10 விழுக்காடு இடம் பெற்ற ஒவ்வொரு கட்சிக்கும், பங்கேற்க விரும்பினால், நிறைவேற்றுக் குழுவில் இடம் உண்டு என உறுதியளித்தது. குழு, மாகாண முதல்வரையும் பத்துக்கு மேற்படாத அமைச்சர்களையும் கொண்டது.

பங்கேற்கும் கட்சிகளின் மொத்த இடங்களை, அமைச்சுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய தொகையால் வகுத்து ஓர் அளவுகோல் பெறப்பட்டது. 10 விழுக்காட்டைத் தாண்டிய மூன்று கட்சிகளின் கூட்டுத்தொகை 76. அதனை 11ஆல் வகுக்க 6.90 கிடைக்கும். இவ்வளவுகோலின்படி இன்காத்தாவுக்கு 5, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுக்கு 3, தேசியக் கட்சிக்கு 1 என ஒன்பது அமைச்சுகள் முதலில் சேர்ந்தன. பத்தாவது, மிகுதி எச்சம் வைத்திருந்த இன்காத்தாவுக்குச் சென்றது. இவ்வாறு 6:3:1 என்ற பங்கீடு அமைந்தது.

இன்காத்தாவைச் சேர்ந்த பிராங்க் மிட்லலோசே முதல்வரானார். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் சார்பில் அமைச்சரவையில் அமர்ந்தவர்களுள் பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான ஜேக்கப் சூமாவும் ஒருவர்; அவர் பொருளாதார விவகாரம், சுற்றுலா ஆகிய துறைகளை ஏற்றார். களத்தில் எதிரெதிர் நின்ற அமைப்புகளின் தலைவர்கள் வாரந்தோறும் ஒரே மேசையில் வரவு செலவைப் பேசவேண்டிய நிலை உருவானது. மோதல் உடனே நின்றுவிடவில்லை. எனினும், மோதலைப் பற்றிப் பேசுவதற்கு நிலையான ஓரிடம் கிடைத்தது.

இக்கணக்கின் இயல்பொன்றைக் கருதவேண்டும். பங்கீடு கட்சிக்கு உரியது, இனத்திற்கு உரியதன்று. லெபனானிலும் போசுனியாவிலும் பதவிகள் சமய, இன அடிப்படையில் ஒதுக்கப்படுகின்றன. தென்னாப்பிரிக்காவோ இனவொதுக்கலின் கொடுமையிலிருந்து அப்போதுதான் மீண்ட நாடு. இனப்பெயரால் இடம் ஒதுக்குவதை அது தவிர்த்தது. அதன் விளைவாக, சிறு சமூகங்கள் தமக்கெனக் கட்சி அமைத்தால் 10 விழுக்காட்டு எல்லையைத் தாண்டுவது அரிது. பெரிய கட்சிகளுக்குள் இடம்பெற்றாலே அமைச்சவையை அணுக இயலும். ஓரிடம் பெற்ற சிறுபான்மை முன்னணி அமைச்சவைக்கு வெளியே நின்றதும், இந்திய வாக்குகள் கணிசமாகச் சென்றடைந்த தேசியக் கட்சி உள்ளே அமர்ந்ததும் இதனை விளக்கும்.

4. உள்ளாட்சிக்கு இறங்கிய பகிர்வு

மாகாண அமைச்சவையில் எட்டிய இணக்கம் ஊர்மன்றங்களில் இல்லாவிடில் நிலைக்காது என்பதை இடைக்காலச் சட்டம் உணர்ந்திருந்தது. உள்ளாட்சி மன்றங்களின் நிறைவேற்றுக் குழு கட்சிகளின் விகிதப்படி அமையவும், அது இயன்றவரை ஒத்திசைவால் முடிவெடுக்கவும், ஒத்திசைவு கிட்டாதபோது மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மை பெறவும் அது வகைசெய்தது. மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்திற்கும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். நகர வட்டாரங்களில் பாதி, முன்னாள் வெள்ளையர், இந்தியர், கலப்பினத்தவர் பகுதிகளுக்குக் கிடைக்கும் வகையில் தேர்தல் ஏற்பாடு அமைந்தது. இது மக்கள்தொகை நீதிக்கு முரணானது என்ற கண்டனம் எழுந்தது. ஆயினும் அஞ்சி நின்ற பகுதியினரை மாற்றத்திற்கு உடன்படச் செய்ய அளிக்கப்பட்ட காலவரையறைக்குட்பட்ட விலையாக அது ஏற்கப்பட்டது.

நாட்டின் பெரும்பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் 1995 நவம்பரில் முடிந்தது. குவாசூலு-நேட்டாலில் எல்லை வரையறை, மரபுத் தலைவர்களின் இடம், தொடர்ந்த வன்முறை ஆகியவற்றால் அது 1996 சூன் 26 வரை தள்ளிப்போயிற்று. முடிவு, மாகாணத்தின் பிளவை நிலப்படமாக வரைந்து காட்டியது: ஊரகப் பகுதிகளில் இன்காத்தாவும், டர்பன், பீட்டர்மாரிட்சுபர்க் நகரங்களில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசும் முன்னின்றன. மாகாணத்தில் ஆளும் கட்சி நகரத்தில் எதிர்க்கட்சி. நகரத்தில் ஆளும் கட்சி மாகாணத்தில் இளைய பங்காளி. ஒவ்வொரு தரப்பும் ஓரிடத்தில் மற்றத் தரப்பின் தயவை நாடவேண்டியிருந்தமை, பகிர்வை இருபுறமும் தாங்கிய தூணாயிற்று.

5. நிலையான சட்டமும் இரு வழிகளும்

1996ஆம் ஆண்டின் நிலையான அரசமைப்புச் சட்டம் கட்டாயப் பகிர்வைத் தொடரவில்லை. மாகாணங்களில் அவ்விதி 1999 தேர்தலுடன் முடிவுற்றது. அதன்பின் அமைச்சர்களைத் தெரிவது முதல்வரின் உரிமை. உள்ளாட்சியில் மட்டும் பகிர்வின் சாயல் எஞ்சியது. மன்ற நடவடிக்கைகளிலும் குழுக்களிலும் கட்சிகளும் நலன்களும் நியாயமாகப் பிரதிநிதித்துவம் பெறவேண்டும் என்று 160ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவு கூறுகிறது.

1998ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கட்டமைப்புச் சட்டம் இதனை இரு வழிகளில் கொண்டுசென்றது. கூட்டு நிறைவேற்று முறையில், குழு பத்து உறுப்பினருக்கோ மன்றத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கோ, எது குறைவோ அதற்கு, மேற்படாது அமையும். மன்றத்தில் கட்சிகள் பெற்ற விகிதமே குழுவிலும் பெரும்பாலும் பேணப்படும். நிறைவேற்று மேயர் முறையில், மேயர் தம் குழுவைத் தாமே நியமிப்பார். சோகனசுபர்க் மாநகர மேயரின் குழு முழுவதும் ஒரே கட்சியினரால் அமைந்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், 2002 திசம்பரில் அரசமைப்பு நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, மேயரின் குழு 160(8)இன் வரம்புக்குள் வாராது என்றது. ஆகவே எம்முறை தெரியப்படுகிறது என்பதே பகிர்வு உண்டா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. குவாசூலு-நேட்டாலில் நடைமுறையில் உள்ளது கூட்டு நிறைவேற்று முறையாகும். டர்பனை உள்ளடக்கிய எத்தேக்வினி மாநகரிலும் எதிர்க்கட்சியினர் நிறைவேற்றுக் குழுவில் அமர்வது இதனாலேயே.

2021 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் எத்தேக்வினி மன்றத்தின் 222 இடங்களில் எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. பத்து உறுப்பினர் கொண்ட குழுவில் ஓரிடம் பெற ஏறத்தாழ 22 மன்ற உறுப்பினர் தேவை. சாட்சுவொர்த், பீனிக்ஸ் போன்ற பகுதிகளில் மட்டும் ஆதரவு பெறும் கட்சி இவ்வெல்லையை எட்டுவது கடினம்.

6. தமிழ்ச் சமூகத்திற்கு இதன் பொருள்

அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மேம்படுத்தப்பட்டு மதிக்கப்படவேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகிறது. எனினும் மொழியின் நடைமுறை வாழ்வு கீழ்நிலை ஆட்சிகளைச் சார்ந்தது. பள்ளிக் கல்வி நடுவண் அரசும் மாகாணமும் பகிர்ந்தேற்கும் பொருள். மாகாண நூலகங்கள் மாகாணத்தின் தனியதிகாரம். இடுகாடு, சுடுகாடு, பூங்கா, நகரத் திட்டமிடல் ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. கோயில் நிலத்தின் பயன்பாட்டு வகை, தகனமேடையின் பராமரிப்பு போன்றவை பேசப்படும் இடம் நகர மன்றமே. நிறைவேற்றுக் குழுவில் ஒரு குரல் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேயே உணரப்படுகிறது.

அண்டைச் சமூகங்களுடனான உறவும் இதில் அடங்கும். குழுப்பகுதிச் சட்டத்தின்கீழ் இந்தியருக்கென வகுக்கப்பட்ட குடியிருப்புகள் ஆப்பிரிக்கர் குடியிருப்புகளை ஒட்டியே இன்றும் உள்ளன. 2021 சூலைக் கலவரத்தின்போது பீனிக்ஸ் பகுதியில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டமை, அமைச்சவையில் எட்டிய இணக்கம் தெருவரை இறங்காத இடைவெளியை வெளிப்படுத்தியது.

7. 2024: கட்டாயமிலாப் பகிர்வு

2024 மே 29 தேர்தலில் 80 இடங்களுள் எம்.கே. கட்சி 37, இன்காத்தா 15, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 14, சனநாயகக் கூட்டணி 11, பொருளாதார விடுதலைப் போராளிகள் 2, தேசிய விடுதலைக் கட்சி 1 எனப் பெற்றன. சூன் 14 அன்று இன்காத்தாவின் தாமி இன்ட்டூலி 41க்கு 39 என்ற வாக்கில் முதல்வராகத் தெரிவானார். அவர் அமைத்த மாகாண ஒற்றுமை அரசில் நான்கு கட்சிகள் இணைந்தன. ஓரிடம் மட்டுமே பெற்ற தேசிய விடுதலைக் கட்சிக்கும் ஓர் அமைச்சு கிடைத்தது. மிகுதியான இடங்களைப் பெற்ற எம்.கே. கட்சி எதிரணியில் அமர்ந்தது.

1993ஆம் ஆண்டு விதியை இவ்வெண்களுக்குப் பொருத்திப் பார்த்தல் பயன்தரும். தகுதி பெறும் நான்கு கட்சிகளின் கூட்டுத்தொகை 77, அளவுகோல் 7. அமைச்சுகள் எம்.கே. கட்சிக்கு 5, இன்காத்தாவுக்கு 2, ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுக்கு 2, சனநாயகக் கூட்டணிக்கு 1 எனப் பிரிந்திருக்கும். தேசிய விடுதலைக் கட்சிக்கு ஒன்றும் இல்லை. கட்டாயப் பகிர்வு கட்சியின் எடைக்கு ஏற்ப வழங்குகிறது. விருப்பக் கூட்டணி, பெரும்பான்மையை நிறைவுசெய்யும் கடைசி வாக்குக்கு விலை தருகிறது. முன்னது பெரிய தரப்பு எதனையும் வெளியே விடாது. ஆனால் ஒவ்வாதவரையும் ஓரறையில் அமர்த்தும். பின்னது ஒத்தவரைச் சேர்க்கும். ஆனால் ஏறத்தாழப் பாதி வாக்காளரின் தெரிவை அமைச்சவைக்கு வெளியே நிறுத்தக்கூடும்.

8. வரம்புகள்

அதிகாரப் பகிர்வு கட்சிகளுக்கிடையிலான மோதலைத் தணிக்கலாம். கட்சிக்குள் எழும் போட்டியை அது தொடுவதில்லை. இம்மாகாணத்து அரசியல் கொலைகளை ஆராய அமைக்கப்பட்ட மொராணே ஆணையம் 2018இல் அளித்த அறிக்கை, உள்ளாட்சிப் பதவிகளுக்கும் ஒப்பந்தங்களுக்குமான போட்டியைக் கொலைகளின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டது. அதிகாரத்தைப் பகிரும் விதி உண்டு. பொதுப்பணத்தைக் காக்கும் விதி செயற்படவில்லையெனில் பகிரப்படுவது கொள்ளையாகிவிடும்.

மரபுத் தலைவர்களின் இடமும் முழுமையாகத் தீர்வு காணவில்லை. மாகாண நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இன்கொன்யாமா அறக்கட்டளையின் பெயரில் உள்ளது. மரபுத் தலைவர்கள் மன்றங்களில் பங்கேற்கலாம், வாக்களிக்க இயலாது. தேர்தலில் நில்லாத அதிகாரம் ஒன்று, தேர்தலால் வந்த அதிகாரத்தின் அருகே தொடர்ந்து நிலவுகிறது.

9. முடிவுரை

குவாசூலு-நேட்டாலின் முப்பதாண்டுப் பட்டறிவு மூன்று கருத்துகளை முன்வைக்கிறது. முதலாவது, பகிர்வு விதி தேர்தலுக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். முடிவு தெரிந்தபின் வென்றவர் அதனை எழுத முன்வருவது அரிது. இரண்டாவது, மாகாணப் பகிர்வும் உள்ளாட்சிப் பகிர்வும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒரு நிலையில் தோற்றவர் மறுநிலையில் பொறுப்பேற்பது அமைதிக்குத் துணைசெய்கிறது. மூன்றாவது, கட்சி விகிதத்தில் அமைந்த பகிர்வு பெரிய தரப்புகளின் அச்சத்தைப் போக்கினாலும், சிறு சமூகங்களுக்குத் தானாகவே இடம் தருவதில்லை. அவை மன்றக் குழுக்களின் வழியாகவும் சட்டம் தரும் மொழி, பண்பாட்டு உரிமைகளின் வழியாகவும் தம் பங்கைத் தேடவேண்டியுள்ளது. சிறுபான்மையாக வாழும் தமிழர் எந்நாட்டிலும் ஆட்சியமைப்பு விதிகளை ஆராயும்போது, மாகாணச் சட்டமன்றத்தோடு நின்றுவிடாமல் நகர மன்றத்தின் நிறைவேற்றுக் குழு எவ்விதம் அமைகிறது என்பதையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.