கண்ணுக்குள் ஒரு துளி

மல்லிகைத் தோட்டமும் கண் முகாமும்

நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன் பூப்பறிக்கப் போகும் மூதாட்டி, மொட்டுக்கும் இலைக்கும் பேதம் தெரியாமல் விரல் நுனியால் தடவித் தேடும் நிலை வந்த பிறகே, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் சிகிச்சை முகாமுக்குப் போக மனம் இசைகிறாள். கண்புரையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்துவது இன்று சில நிமிஷ வேலைதான். எனினும் அவ்வேளையில் கிருமி உட்புகுந்து கண்ணுக்குள் அழற்சியை மூட்டிவிட்டால், சில நாட்களிலேயே பார்வை பறிபோகலாம். ஆதலால் ஆபரேஷனுக்குப் பின் வலி மிகுந்தாலோ, கண் சிவந்தாலோ, தெளிந்த பார்வை மீண்டும் மங்கினாலோ, டாக்டர் குறித்த தேதி வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்வது அவசியம்.

ஐரோப்பாவின் அனுபவம்

இத்தகைய தொற்றைத் தடுக்க, சிகிச்சை முடியும் தறுவாயில் செஃபுராக்ஸிம் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தும் வழக்கம் ஸ்வீடன் மருத்துவர்களிடம் வேரூன்றியிருந்தது. ஐரோப்பியக் கண்புரை நிபுணர் சங்கம் அதனைச் சுமார் 16,000 நோயாளிகளிடம் பரீட்சித்து, தொற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைவதை 2007-இல் வெளியிட்டது. பலன் இத்தனை பிரத்தியட்சமாயிருந்தும் முறை எங்கும் உடனே பரவிவிடவில்லை. தூளாக வரும் அம்மருந்தை ஆபரேஷன் அரங்கிலேயே கரைத்து, நீர்க்கச் செய்து, அளந்தெடுக்க வேண்டும். அளவு பிசகினால் காக்க வந்த மருந்தே விழித்திரையைக் கெடுத்துவிடும். தயங்கிய வைத்தியர்களைப் பழமைவிரும்பிகள் என்று பழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெருங்கூட்டத்துக்குச் சிகிச்சை செய்பவர் அஞ்ச வேண்டியதற்கே அஞ்சினார்.

மதுரையில் பெற்ற உருவம்

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, மேல்நாட்டில் விலையேறிக் கிடந்த செயற்கை வில்லையை 1992 முதல் தன் ஆரோலேப் தொழிற்கூடத்தில் மலிவாகச் செய்து பழகியது. அதே ஆரோலேப், மாக்ஸிஃப்ளாக்ஸாசின் என்னும் வேறொரு மருந்தை, அரங்கில் கரைக்கும் தொல்லையின்றி அப்படியே செலுத்தத்தக்க கரைசலாகக் குப்பியில் அடைத்துத் தந்தது. அரவிந்தின் 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த கணக்கில், மருந்து செலுத்தாதபோது 10,000 கண்களுக்கு 7 என்றிருந்த தொற்று, செலுத்தியபோது 2 ஆயிற்று. வடக்கே பிறந்த யுக்தி, தெற்கே வந்து உருமாறி, இப்போது ஆரோலேபின் ஏற்றுமதிப் பெட்டிகளிலே மறுபடியும் கடல் தாண்டுகிறது.

முகாம் பஸ்ஸில் வந்த நம் மூதாட்டிக்கு இந்த யாத்திரையெல்லாம் தெரியாது. மறுநாள் காலை கட்டவிழ்த்ததும் அவள் முதலில் தேடுவது, அடுத்த பாயில் உட்கார்ந்திருக்கும் தன் ஊர்க்காரியின் முகத்தைத்தான்.