தாத்தா கடந்த கூடம்

“எங்கள் தாத்தா முறைப்படி வந்தவர்.” குடியேற்றச் சட்டம் பற்றிப் பேச்சு எழுந்தால் அமெரிக்கக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் சொல் இது. உண்மைதான். அந்த முறை எப்படி இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

1892 முதல் 1954 வரை, குடியேற்றச் சோதனைக் கூடம் இருந்த எல்லிஸ் தீவு வழியே சுமார் 1.2 கோடிப் பேர் வந்தார்கள். முதல் உலகப் போருக்கு முன் வந்த ஐரோப்பியருக்கு விசா தேவைப்படவில்லை. நாட்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் இல்லை. மருத்துவர் கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பார். அதிகாரி பெயர், தொழில், போகுமிடம் கேட்பார். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் கரைக்குப் படகேறினார்கள். திருப்பி அனுப்பப்பட்டோர் நூற்றுக்கு இருவர் அளவே. 1924-ஆம் ஆண்டுச் சட்டம்தான் வாசலை வெகுவாகக் குறுக்கியது.

சீனத் தொழிலாளருக்கோ 1882-லேயே கதவு அடைபட்டது. சான் பிரான்சிஸ்கோ அருகே ஏஞ்சல் தீவில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காவலில் இருந்தவர்கள் மரச்சுவரில் கவிதை செதுக்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்டு வளர்ந்தது அந்தச் சுவரின் கதை.