கடைச் சாதனங்களுக்கு மின் காப்பு: முதல் செலவு எர்த்துக்கு

சென்ற ஐப்பசியில் விழுந்த ஓர் இடியில் எங்கள் திருப்பருத்திக்குன்றம் கிடங்கின் மின்னணுத் தராசு கருகிவிட்டது. ஒரு நாள் வியாபாரமும் நின்றது. ஸ்பைக் கார்டு போட்டிருந்தும் ஏன் என்று பார்த்தால், எர்த் கம்பி துருவேறி அறுந்து கிடந்தது.

மின்சாரத்தால் வரும் கேடு மூன்று வகை.

முதலாவது, 230 வோல்ட் இருக்க வேண்டிய மின்னழுத்தம் ஏறி இறங்குவது. ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் ஸ்டெபிலைசர் இதற்காகத்தான்.

இரண்டாவது, இடியால் வரும் திடீர் அழுத்தம். அது கண் இமைக்கும் முன் வந்து போய்விடும். ஸ்டெபிலைசரின் ரிலே அதற்குள் அசையாது. ஸ்பைக் கார்டில் உள்ள வாரிஸ்டர்தான் அதை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் திருப்பிவிடும். எர்த் இல்லையேல் காப்பு அரைகுறைதான். வாரிஸ்டர் ஒவ்வோர் அடியிலும் தேயும். காப்பு விளக்கு அணைந்தால் புதிது வாங்க வேண்டும். வெறும் சுவிட்ச் வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஸ்பைக் கார்டு ஆகாது. அட்டையில் ஜூல் அளவு போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, லைனில் நியூட்ரல் அறுவது. அப்போது கடைக்குள் 400 வோல்ட் வரைகூட வரலாம். அழுத்தம் மிஞ்சியதும் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவியே இதற்குக் காப்பு.

ஆகவே, மழைக்காலத்துக்கு முன் எர்த்தைச் சோதியுங்கள். அடுத்து மெயின் போர்டில் சர்ஜ் காப்புக் கருவி. அதன் பிறகே ஸ்பைக் கார்டு. நேரே விழும் இடியை இவை எதுவும் தாங்கா. வானம் கறுத்ததுமே பிளக்கைக் கழற்றிவிடுவது உத்தமம்.