தரமற்ற கேம்கள் தொழிலைக் கவிழ்க்குமா?

அமெரிக்க வீடியோ கேம் தொழில் 1983-ல் சரிந்ததற்கான பழி பெரும்பாலும் ‘ஈ.டி.’ என்ற ஒரே கேம் மீது விழுகிறது. 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக அட்டாரி நிறுவனம் அதைச் சுமார் ஐந்தே வாரத்தில் தயாரிக்க வைத்தது. விற்காத கேசட்டுகள் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. 2014-ல் அவற்றில் சில தோண்டி எடுக்கப்பட்டன. ஆனால் ஒரு மோசமான கேம் தனியாக ஒரு தொழிலைச் சாய்த்துவிடாது. அட்டாரி கருவிக்கு யார் வேண்டுமானாலும் கேசட் தயாரிக்கலாம் என்றானதும், ஓட்ஸ் விற்ற க்வேக்கர் நிறுவனம்கூட அதில் இறங்கியது. கடைகளில் சரக்கு தேங்கியது. அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் கொடுக்கச் சிறு நிறுவனங்களிடம் வசதியில்லை. கடைக்காரர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். நல்ல கேமையும் முழு விலைக்கு வாங்க ஆளில்லாமல் போனது. சுமார் 320 கோடி டாலராக இருந்த ஆண்டு விற்பனை, 1985-ல் சுமார் 10 கோடிக்கு இறங்கியது. அதே ஆண்டு அங்கே நுழைந்த நின்டெண்டோ, தன் அனுமதி பெறாத கேசட் ஓடாதபடி கருவிக்குள் பூட்டுச் சில்லு வைத்தது.

நின்டெண்டோ ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் கருவியில் அந்தப் பூட்டு இல்லை. அதன் நகல்கள்தான் மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் 1990-களில் இந்திய வீடுகளுக்கு வந்தன. சென்னைப் பக்கம் மேனாம்பேடு, அம்பத்தூர், ஆவடிப் பிள்ளைகளுக்கு அது ‘டிவி கேம்’. கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். போட்டால் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். ஆடிப் பார்த்தால் அதே மரியோ, அதே கான்ட்ரா, வேறு கட்டத்திலிருந்து தொடங்கும். இத்தனை போலி இருந்தும் சந்தை விழவில்லை, ஏனென்றால் விழுவதற்குச் சொல்லும்படியான தொழிலே அப்போது இங்கே இல்லை. நகல் அத்தனை மலிவாகக் கிடைக்கும் ஊரில் சொந்தமாக கேம் செய்பவருக்கு வருமானம் ஏது? உண்மையான இழப்பு அதுதான்.

இன்று ஸ்டீம் தளத்தில் 100 டாலர் கட்டினால் ஒரு கேமை வெளியிடலாம். 2024-ல் மட்டும் 18,000-க்கும் மேல் வந்தன. கிடங்கும் இல்லை, தேங்கும் சரக்கும் இல்லை. ஆகவே 1983 போன்ற சரிவு வராது. இந்தியாவையே பாருங்கள்: பப்ஜி கேம் இங்கே தடைசெய்யப்பட்ட பின் பெரும் எதிர்பார்ப்போடு 2021 ஜனவரி 26-ல் வந்த ‘ஃபௌ-ஜி’ கேமில், பலர் சேர்ந்து ஆடும் வசதியே முதலில் இல்லை. ஆடியவர்கள் தந்த மதிப்பெண் சில நாளில் சரிந்தது. ஆனால் சந்தை சரியவில்லை. ஆட்டக்காரர்கள் அதே ஆண்டு ஜூலையில் வந்த, பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ-க்குப் போனார்கள். இந்தியாவில் கேம் தொழிலின் ஒரு பிரிவு ஒரேயடியாக மூடப்பட்டது 2025 ஆகஸ்டில்தான். பந்தயப் பணம் கட்டி ஆடும் இணைய கேம்களைத் தடைசெய்த மத்தியச் சட்டம் அதைச் செய்தது, தரக்குறைவு அல்ல.

குப்பை பெருகினால் நசுங்குவது சிறிய நல்ல கேம்களே. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்லும் ‘வெண்பா’வை 2023-ல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்டது. கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி வார்ப்பதில் தொடங்கும் அந்த கேம், 2024-ல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை வென்றது. விருது எல்லாருக்கும் கிடைக்காது. பிடித்த கேமை விலை கொடுத்து வாங்குங்கள். ஆடி முடித்ததும் நிறைகுறையை நாலு வரி எழுதுங்கள். சிறு படைப்பாளியின் அடுத்த கேம் அதை நம்பித்தான் இருக்கிறது.